"கொணமாயிடுமா?" என்று கேட்டவருக்கு

புந்தோங், ஈப்போ.

அன்புப் பாப்பாவுக்கு அத்தை எழுதுவது.

முந்தாநாள் ராத்திரி நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவை மூன்று முறை கேட்டேன். தைப்பிங் மழைச் சத்தத்துக்கு நடுவே உன் குரல் களைத்துப்போய் இருந்தது. உன் வார்டில் இருக்கும் தோட்டத்துத் தாத்தா, விழுந்துபோன வலக் கையை இடக் கையால் தூக்கிக் காட்டி, "கொணமாயிடுமாம்மா?" என்று கேட்டாராம். நீ "பூலே ஆயிடும் தாத்தா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாயாம். அவர் முகம் தெளியவில்லை என்கிறாய். "பூலேங்கிற மலாய்ச் சொல்லுக்குச் சரியான தமிழ் என்ன அத்தை?" என்பது உன் கேள்வி.

குணமடைதல் என்று ஒரு சொல்லில் பதில் போட்டிருக்கலாம். அகராதியும் அதைத்தான் சொல்லும். ஆனால் அந்த ஒரு சொல்லால் நம் வீட்டில் நடந்தது உனக்குத் தெரியாது. அப்போது நீ பள்ளிக்கூடப் பிள்ளை. அதனால்தான் போனில் சொல்லாமல் கடிதமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் உன் சட்டையில் குத்தியிருக்கும் பெயர்ப்பட்டையைப் பார். உன் வேலைக்கு அரசாங்கம் வைத்திருக்கும் பெயரே ஜுருபூலே. ஜுரு என்றால் தொழிலில் கைதேர்ந்தவர். பூலே என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது. காய்ச்சல் விட்டால் மலாய்க்காரர்கள் செம்போ என்பார்கள். அறுந்துபோன மின்சாரம் வந்தால், நின்றுபோன தண்ணீர் குழாயில் வந்தால், அது பூலே. நேற்று எப்படி இருந்ததோ இன்றும் அப்படியே என்று பொருள். 2020 மார்ச் 18ஆம் தேதி நம்மையெல்லாம் வீட்டுக்குள் போட்டுப் பூட்டினார்களே, ஜூன் 10ஆம் தேதியிலிருந்து அந்தக் கட்டுப்பாட்டுக்கு வைத்த பெயரின் கடைசிச் சொல்லும் பூலேயிலிருந்து வந்த பெமுலிஹான்தான். உனக்கு ஞாபகம் இருக்கும், அன்றைக்கு எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றுதான் நாமும் நம்பினோம்.

குணமும் ஏறக்குறைய அதே வாக்குறுதிதான். குணம் என்பது வடமொழியிலிருந்து வந்து நம்மோடு கலந்த சொல். இயல்பு, தன்மை என்று பொருள். குணமாகிவிட்டது என்றால் உடம்பு தன் இயல்புக்கு வந்துவிட்டது, நோய் வந்த சுவடே இல்லை. சளிக்கும் காய்ச்சலுக்கும் இது பொருத்தமான சொல். தாத்தாவின் கைக்கு?

மாமாவுக்கு 2016இல் ஸ்ட்ரோக் வந்தது. நாம் வாதம் என்கிறோம், மலாயில் ஆஙின் அமார் என்கிறார்கள். வாதமும் ஆஙினும் காற்றைக் குறிக்கும் சொற்கள். இரண்டு இனத்தாரும் அந்த நோயைக் காற்றென்றே கண்டிருக்கிறார்கள். அவருக்குப் பயிற்சி கொடுத்த பையன் தங்கமான பிள்ளை, உன்னைப் போலவே அப்போதுதான் வேலைக்கு வந்தவன். "மூணு மாசத்துல முழுசா குணமாயிடும் அங்கிள்" என்றான். அன்பினால் சொன்னான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாமா சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் மூன்றாம் மாதத்துக்கு நேராகச் சிவப்பு மையில் வட்டம் போட்டார். அந்த நாள் வந்தது. கைத்தடியோடு நடந்தார், வாய்க்கோணல் நிமிர்ந்திருந்தது, பேச்சு பாதிக்கு மேல் தெளிந்திருந்தது. விரல்கள் மட்டும் விரியவில்லை. எவ்வளவு தூரம் வந்திருந்தார் பார்! ஆனால் அவருக்குச் சொல்லப்பட்டது முழுசாகக் குணமாவது. "பொய் சொல்லிட்டாங்க" என்றார். அதற்குப் பிறகு பயிற்சிக்குப் போகவே இல்லை. பதினோரு மாதம். மூளை வேகமாக மறுபடி கற்றுக்கொள்வது முதல் சில மாதங்களில்தான், பிறகும் கற்கும், மெதுவாகத்தான் கற்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நல்ல காலத்தில் பெரும்பகுதியை மாமா சுவரைப் பார்த்து உட்கார்ந்தே கழித்தார்.

உன் சொந்தத் தாத்தாவை, என் அப்பாவை, நீ பார்த்ததில்லை. ஜப்பான்காரன் வந்தபோது அவருக்கு இருபது வயது. பிறகு சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அவரையும் லாரியில் ஏற்றினார்கள். சயாமில் பான்போங் தொடங்கி பர்மாவில் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1943 அக்டோபரில் அந்தப் பாதை முடிந்தபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம் ஆட்கள் ஆயிரமாயிரமாக அதன் ஓரத்தில் புதைந்து கிடந்தார்கள். காலரா, மலேரியா, எலும்பு தெரியும்வரை காலைத் தின்னும் புண். சண்டை முடிந்த பிறகு அப்பா திரும்பினார்.

"சயாமுக்குப் போனவன் மீண்டு வந்துட்டான்" என்று லயமே கூடிவிட்டதாம். மீண்டார், சரி. போனவர் வந்தார். மீள்வது என்றால் அவ்வளவுதான், திரும்புவது. எப்படித் திரும்பினார் என்பதை அந்தச் சொல் கேட்காது. காலில் ஆறாத புண்ணோடு வந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் தினமும் கழுவி மருந்து வைத்துக் கட்டினார். மாதக்கணக்கில் ஆயிற்று, புண் ஆறியது. ஆறுவது என்றால் சூடு தணிவது. தேநீர்க் கடையில் தேத்தண்ணியை ஒரு கோப்பையிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்து ஆற்றுகிறார்களே, அதே சொல். காயத்தை ஒரு கொதிப்பாகத்தான் நம் மொழி பார்த்திருக்கிறது. துக்கத்தையும் அப்படித்தான். அதனால்தான் இழவு வீட்டுக்குப் போய் ஆறுதல் சொல்கிறோம். அப்பாவுக்குக் கால் ஆறியது. ராத்திரி சுங்கை சிப்புட் ஸ்டேஷனை நோக்கி ரயில் வரும் சத்தம் கேட்டால் எழுந்து போய் வாசல் அஞ்சடியில் உட்கார்ந்துகொள்வார். ரயில் போய் நெடுநேரம் கழித்துத்தான் படுப்பார். அவர் சாகும்வரை இது மாறவில்லை.

உன் பாட்டி ஒரு சொல் வைத்திருந்தார்: "பொழைச்சு வந்ததே பெருசு." பிழைப்பது என்ற சொல்லைப் பார், பாப்பா. சாவிலிருந்து தப்புவதும் அதுதான், வயிற்றுப்பாட்டைப் பார்ப்பதும் அதுதான். பிழை என்றால் தவறும்கூட. நம்மவர்கள் கப்பலேறி வந்ததே பிழைக்க. வந்த இடத்தில் மலேரியாவுக்குத் தப்பியதும் பிழைத்தது. இந்த ஊரில் நம் முன்னோர்களுக்குக் கிடைத்த நலம் பெரும்பாலும் அந்த அளவுதான். அதைச் சிறிதாக நினைத்துவிடாதே.

அப்படியானால் அப்பா மீண்டார், பிழைத்தார், அவர் கால் ஆறியது. எது நடக்கவில்லை? அவர் தேறவில்லை. நான் உனக்குக் கொடுக்க நினைக்கும் சொல் இதுதான், தேறுதல்.

இதற்கு எத்தனை பொருள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறாயா? மெலிந்தவனுக்கு உடம்பு தேறுகிறது. பரீட்சையில் பிள்ளை தேறுகிறான். அழுதவள் மனம் தேறுகிறாள். மயங்கி விழுந்தவர் தேறி எழுகிறார். கலங்கிய தண்ணீர் தேறுகிறது. ஊர்ப்பக்கத்தில் ஆற்றுத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து, உள்பக்கத்தில் தேற்றாங்கொட்டையை உரசி வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் சேறு அடியில் படிந்துவிடும், மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். சேறு குடத்தைவிட்டு எங்கும் போகவில்லை. அடியில்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீரைக் குடிக்கலாம். உன் வார்டில் நடப்பது அநேகமாக இதுதான். அந்தத் தாத்தாவின் மூளையில் அடிபட்ட இடம் அடிபட்ட இடமாகவே இருக்கும். அதைச் சுற்றி வேறு வழி பிடித்து விரல் அசையும். அது குணம் ஆகாது, பூலேவும் ஆகாது. அவர் தேறுகிறார்.

இன்னொரு பொருளும் உண்டு. பழந்தமிழில் தேறுதல் என்றால் நம்புதல். ஒருவரை ஆராய்ந்து பார்த்த பிறகே நம்ப வேண்டும் என்பதற்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்தார், 51ஆவது, தெரிந்து தெளிதல். அங்கே அவர் கையாளும் சொல் இதே தேறுதல்தான். மருந்து அதிகாரத்தில் வைத்தியம் நான்கு கூறுகளால் ஆனது என்றும் சொல்கிறார்: நோயாளி, நோயைத் தீர்ப்பவர், மருந்து, பக்கத்தில் நின்று செய்பவர். தீர்ப்பவர் டாக்டர். நாலாவதாக நிற்பவருக்கு வள்ளுவர் வைத்த பெயர் உழைச்செல்வான், பக்கத்தில் போகிறவன். அது நீ. டாக்டர் ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் அந்தக் கட்டிலருகே நிற்பார்? நீ நிற்கிறாய். நீ சொல்வதைத்தான் அந்தத் தாத்தா தேறுவார், நம்புவார். அவர் நம்பும் அளவுக்குத்தான் கை தேறும். மாமாவிடம் அந்த நம்பிக்கை மூன்றாம் மாதத்தில் செத்துப்போனதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

என் வகுப்பறையைப் பற்றியும் சொல்கிறேன். நான் தமிழ்ப்பள்ளியில் கடைசிப் பன்னிரண்டு வருஷம் எடுத்தது பெமுலிஹான் வகுப்பு. 1983இல் தொடக்கப்பள்ளிகளுக்குக் கே.பி.எஸ்.ஆர். என்ற புதிய பாடத்திட்டம் வந்த பிறகு, எழுத்துக் கூட்டத் தெரியாத, கூட்டல் கழித்தல் பிடிபடாத பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பது வழக்கமாயிற்று. மலாயில் பெமுலிஹான், அதாவது மீண்டு வரும் வகுப்பு. தமிழில் நாம் வைத்த பெயர் குறைநீக்கல். இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி, தோட்டம் மூடி ஈப்போ அடுக்குமாடிக்கு வந்த குடும்பம், என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், எனக்கு என்ன கொறை?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அன்றைக்கே கதவில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தேன். மலாய்ச் சொல் கனிவானதுதான், ஆனால் அதுவும் அவளுக்குப் பொருந்தவில்லை. படிப்பை ஒரு காலத்தில் வைத்திருந்து தொலைத்தவள் இல்லையே அவள், மீண்டு வருவதற்கு. புதிதாக ஒன்றைத் தெளிய வேண்டியவள். உன்னிடம் வரும் குழந்தைகளில் பிறந்ததிலிருந்தே நடக்காத பிள்ளை இருக்கும். அதன் அம்மாவிடம் 'பழையபடி' என்ற சொல்லை மறந்தும் சொல்லிவிடாதே.

மீட்பு என்ற சொல்லை நீ வார்டில் பேசத் தேவையில்லை. ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள். நம் பெண்களுக்கு அது பாஜாக் கடை, அதாவது அடகுக் கடைச் சொல். ஆகஸ்டு மாதம் பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வைத்த வளையலைத் தீபாவளிக்கு முன் மீட்க வேண்டும். துண்டுபோட்டு விற்கப்பட்ட தோட்டங்களை வாங்க, நம் சுங்கை சிப்புட் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தாரே, அதுவும் மீட்புதான். மீட்பில் எப்போதும் ஒரு விலை உண்டு. யாரோ கொடுக்க வேண்டும். ஸ்ட்ரோக் வந்தவர் வீட்டில் அந்த விலையைக் கொடுப்பவள் பெரும்பாலும் பெண்டாட்டி. உன் வார்டுத் தாத்தாவைப் பார்க்க அவர் பெண்டாட்டி வந்தால் அவளுடைய இடுப்பையும் தோளையும் ஒரு பார்வை பார். அவரைத் தூக்கி உட்கார வைப்பது அவள்தான்.

நாள் குறிப்பதைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். அம்மை போட்டால் நம்மவர்கள் என்ன கேட்பார்கள்? "தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சா?" வேப்பிலை போட்ட தண்ணீர் தலையில் விழுந்த நாள், நோய் முடிந்த நாள். பத்து காஜா பக்கம் கெல்லி மாளிகைக்கு அருகே ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறதே, மாளிகை கட்ட வந்த நம் ஆட்கள் முதல் உலகப் போரை ஒட்டி வந்த ஸ்பானிஷ் காய்ச்சலில் கொத்துக்கொத்தாகச் செத்தபோது, துரையைக் கேட்டுக் கட்டிக்கொண்டது என்று சொல்வார்கள். கூரையில் சாமிகளோடு துரையின் உருவமும் நிற்கும். கொள்ளைநோய்க்கு ஒரு முடிவு நாள் வேண்டியிருந்தது அவர்களுக்கு, கோயில் அதைக் கொடுத்தது. உன்னிடம் வருகிறவர்களுக்கு அப்படி ஒரு நாள் வராது. தண்ணீர் ஊற்றி எழுப்ப முடியாத நோய் இது. மூன்று மாதம், ஆறு மாதம் என்று நாள் குறித்துக் கொடுக்கத் தோன்றும். கொடுக்காதே.

அந்தத் தாத்தா தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவர் என்றாய். நல்லது, அவரிடம் பால் மரத்தைப் பற்றிப் பேசு. 1877இல் கோலகங்சாரில் ஒன்பது கன்று நட்டதிலிருந்து தொடங்கியது நம் பேராவின் ரப்பர் கதை. அதில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது, போய்ப் பார். ஆரம்பத்தில் மரத்தைக் கொத்திக் கொத்திப் பால் எடுத்தார்கள், மரம் புண்ணாயிற்று. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்து ரிட்லி, பட்டையை மெல்லியதாகச் சீவி, அடுத்த முறை அதே வெட்டிலேயே இன்னொரு சீவல் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். சீவிய இடத்தில் பட்டை மறுபடி வளரும். ஏழெட்டு ஆண்டு கழித்து அதே இடத்துக்கு உளி திரும்ப வரலாம். ஆனால் உளி உள்ளே மரத்தைத் தொட்டுவிட்டால் அங்கே கணுக்கணுவாகப் புடைத்துக்கொண்டு வளரும், அதில் பிறகு ஒழுங்காக வெட்ட முடியாது. பால் நிறைய இருப்பதோ மரத்தை ஒட்டிய உள்பட்டையில். மேலாகச் சீவினால் பால் இல்லை, ஆழமாகப் போனால் காயம். நடுவில் ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்து வெட்ட வேண்டும், அதுவும் விடியுமுன் தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில். அப்பா அதை முப்பது வருஷம் செய்தார். பயிற்சி கொடுக்கும்போது உன் கையும் அந்த அளவைக் கற்க வேண்டும். வலிக்குமே என்று மேலாகத் தடவிவிட்டு அனுப்புவதும் தப்பு, இன்னும் நாலு தடவை என்று வலியைக் கடந்து இழுப்பதும் தப்பு. பால் நின்றுபோன மரத்துக்கு மருந்து கிடையாது, வெட்டாமல் விட்டுவைப்பார்கள். சில நாளைக்கு உன் நோயாளிக்கும் ஓய்வுதான் பயிற்சி.

இதை அந்தத் தாத்தா உன்னைவிட நன்றாகச் சொல்வார். அவரைச் சொல்ல விடு. வாத்தியாராக அவர் பத்து நிமிஷம் இருந்துவிட்டு, பிறகு உன் மாணவராக இருக்கட்டும்.

நாளைக்கு அவர் திரும்பக் கேட்பார். தப்பாமல் கேட்பார். 'குணமாயிடும்' என்றும் சொல்லாதே, 'ஆகாது' என்றும் சொல்லாதே. இரண்டும் உனக்குத் தெரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார். "இந்தக் கை எந்த வேலைக்குத் தாத்தா மொதல்ல வேணும்?" என்று கேள். நான் சொல்கிறேன், அவர் சோறு பிசைய வேண்டும் என்பார். நம் ஆட்களுக்கு வலக் கை விழுந்தால் அதுதான் பெரிய அவமானம், இடக் கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடுவது. கட்டை விரலும் இரண்டு விரலும் சேர்ந்தால் கவளம் எடுக்கலாம். அதற்கான பயிற்சி உனக்குத் தெரியும். ஒரு விரல் மடங்கிய நாளில் "வெரல் மடங்குது தாத்தா, தேறி வர்றீங்க" என்று சொல். நடந்ததை மட்டும் சொல். மடங்காத நாளில் மடங்கவில்லை என்றும் சொல். அப்போதுதான் மடங்கிய நாளில் உன்னை நம்புவார்.

அப்பா அந்தச் சொல்லைச் சொல்லி நான் ஒரே ஒருமுறை கேட்டிருக்கிறேன். உன் அப்பன் எஸ்.பி.எம். பரீட்சை எழுதி முடிவு வந்த நாள். தாளை வாங்கிப் படிக்கத் தெரியாது அவருக்கு, வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அஞ்சடி அஞ்சடியாகப் போனார். "பையன் தேறிட்டான், பையன் தேறிட்டான்" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார். அன்று ராத்திரி ரயிலுக்கு அவர் எழுந்தாரா என்று நான் கவனிக்கவில்லை. கவனித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மாமாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். பதினோரு மாதம் கழித்து அவரை மறுபடி எழுப்பியது பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பாட்டிதான். என்னென்னவோ சொல்லிப் பார்த்துத் தோற்றவள் நான். அவள் வந்து உட்கார்ந்து, "எதைச் செய்ய முடியாமல் போனது உங்களுக்கு அதிகம் வலிக்கிறது?" என்று கேட்டாள். சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிடுவது என்றார். அன்றிலிருந்து பொத்தானோடுதான் போராட்டம், இன்றுவரை. சுருங்கிய விரல்கள் முழுதாக விரியவில்லை, இனி விரியாது. இன்று காலை கோயிலுக்குக் கிளம்பும்போது மேலிருந்து நான்கு பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். கால்மணி நேரம் ஆயிற்று, நான் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றேன். ஐந்தாவதுக்கு என்னைக் கூப்பிட்டார்.

அன்புடன்,
அத்தை